கீழெண் முதலில்

ஞாயிறு இரவு பதினொன்று இருபது.
எட்மன்டன், மில்வுட்ஸ். வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
எஞ்சின் உறையாமலிருக்க
காரை ப்ளக்கில் சொருகிவிட்டு வந்து
நாளைய ஏழாம் வகுப்புக்கு
ஒரு பின்னம் செய்ய உட்கார்ந்திருக்கிறேன்.

செய்வதென்றால் நிஜமாகவே செய்வதுதான்.
சாக்பீஸில் மூன்று அசைவு: எண், கோடு, எண்.
மென்பொருளிடம் மனுப் போட வேண்டும்.

3, சாய்கோடு, 4 என்று தட்டினேன்.
மார்ச் நான்கு என்றது.
அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.
மறுபடியும் மார்ச் நான்கு.
அன்றைக்கு யாருக்குப் பிறந்தநாளோ.

1, சாய்கோடு, 2 என்றால் மட்டும்
கடுகளவில் ஓர் அரை, ஒட்டிப் பிறந்தது போல.
பிரித்து, மேலெண்ணைச் சிவப்பாக்க வழியில்லை.
காலுக்கும் இப்படி ஆயத்த உரு உண்டாம்.
பன்னிரண்டில் ஐந்துக்கு?
அதற்குப் பேரும் இல்லை, உருவும் இல்லை,
ஒப்பேற்ற வேண்டியதுதான்.

பெருக்கல் குறி கேட்டால் எக்ஸ் வந்து சாய்ந்து நிற்கிறது.
வர்க்கமூலத்தின் கூரை
முதல் இலக்கத்தோடு நின்றுவிட்டது,
இரண்டாவது மழையில்.

படுக்கையறையிலிருந்து அருள்நம்பி,
இன்னும் முடியலையா?
முக்கால்வாசி ஆச்சு, என்றேன்.
எவ்வளவு லேசாக வந்துவிட்டது வாயில்,
கோடு கூட இல்லாமல்.

கடைசியில்
பட்டியலுக்குள் இருந்த பட்டியலின் அடியில்
கிடைத்தன இரண்டு காலிப் பெட்டிகள், நடுவே கோடு.
மேல்பெட்டியில் கர்ஸர் துடித்தது.
பன்னிரண்டில் ஐந்து என்று முணுமுணுத்தபடி
பன்னிரண்டை அங்கே போட்டேன்.
ஐந்தைக் கீழே போட்டேன்.
யாரும் நகர்த்திவிடாதபடி பூட்டினேன்.
படுத்தேன்.

திங்கள் காலை, இருபத்தாறு ஜோடி பூட்ஸ்
சுவரோரம் உருகிக்கொண்டிருக்க
ஆளுயரப் பலகையில் என் பின்னம்:
பெரிதாக, தெளிவாக, தலைகீழாக.

லிபான் கை தூக்கினான்.
மிஸ், ஒரு பீட்சாவில் நான் எவ்வளவு தின்னேன்,
அதுதானே கணக்கு?
இதன்படி நான் ரெண்டை முடிச்சிட்டு
மூணாவதிலயும் கை வச்சிட்டேன்.
வயிற்றைப் பிடித்துக் காட்டினான்.
வகுப்பே சிரித்தது.

அழிப்பானால் தேய்த்தேன். அசையவில்லை,
பூட்டியவள் நானல்லவா.
சாவி எந்தப் பட்டியலில் என்று மறந்துபோனது.
காது மடல் சுட,
என் மொழியில் கீழெண்ணைத்தான் முதலில் சொல்வோம் என்றேன்.
எனக்கே சாக்கு மாதிரி இருந்தது.
முழுசைச் சொல்லிவிட்டுத்தான் அதில் பங்கைச் சொல்வோம்,
சம்பளத்தில் பாதி வாடகை என்கிற மாதிரி.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஜன்னலோரத்தில் சோயூன்.
சேர்ந்து எட்டு வாரம். இதுவரை
பாத்ரூம் போகலாமா தவிர எதுவும் கேட்காதவள்.
எழுந்தாள்.
கொரியனிலும், என்றாள்.
கீழே. முதலில்.

பலகைக்கு வந்தவள் பேனாவைத் தொடவில்லை.
விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
அதன் அடியில் பன்னிரண்டு.
பிறகு நுனிக்காலில் எம்பி
மேலே ஐந்து.
மென்பொருள் ஒரு கணம் யோசித்தது.
கோணல் கையெழுத்து நிமிர்ந்து அச்சாகியது.
மே பன்னிரண்டு என்று சொல்லவில்லை.

அவள் திரும்பி நடக்கும்போதே
அப்ப மிச்சம் எவ்வளவுன்னு நான் போடறேன் என்று
லிபான் ஓடி வந்தான்.
அவனும் கோடுதான் முதலில்,
அப்புறம் கீழே பன்னிரண்டு,
அப்புறம் மேலே, அவசரமாக, ஏழு.
வளைவு கொஞ்சம் கூடிவிட்டது.
அதைக் கேள்விக்குறி என்று வாசித்தது பலகை.

மிச்சம், பன்னிரண்டில் கேள்விக்குறி.

பக்கத்தில் இன்னமும் நகராமல்
என் ஐந்தில் பன்னிரண்டு.
இடைவேளை மணி அடிக்கும் வரை
இரண்டும் அங்கேயே இருந்தன.